நீதியின் சொல்லும் ஜிஹாதும்: பாண்டிநாட்டு முஸ்லிம் பெண்களின் வழி

ஜிஹாத் என்னும் அரபுச் சொல் தமிழ்ச் செய்தித்தாள்களில் வரும்போதெல்லாம் குண்டுவெடிப்பு, கைது, விசாரணை ஆகியவற்றோடு சேர்ந்தே பெரும்பாலும் அச்சாகிறது. அதற்கு மறுமொழியாக மார்க்க அறிஞர்கள் மேடைகளில் தரும் விளக்கமோ, மனிதன் தன் கீழான ஆசைகளோடு நடத்தும் அகப்போராட்டமே உண்மையான ஜிஹாத் என்பதாக அமைகிறது. இவ்விரு பேச்சுகளிலும் பெண் எங்கே நிற்கிறாள் என்று கேட்போர் மிகச் சிலரே. போர்க்களத்துக்கு அழைக்கப்படாத, அகப்போராட்டத்திலும் பொறுமை என்ற ஒன்றை மட்டுமே திரும்பத் திரும்பப் போதிக்கப்பெற்ற ஒரு முஸ்லிம் பெண்ணிடம் இக்கடமை எதைக் கோருகிறது என்னும் வினா, இறையியல் வினா மட்டுமன்று. மதுரையிலும் அதைச் சூழ்ந்து சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை வரை விரியும் சமவெளியிலும் நாள்தோறும் திருமணம், மணவிலக்கு, சொத்து, கல்வி ஆகியவற்றின் வடிவில் எழும் வாழ்வியல் வினாவும் ஆகும். ஜிஹாதின் அமைதிவழிப் பொருளுக்கு உறுதியான நூலாதாரம் உண்டு. ஆனால் அப்பொருள் உள்ளத்தை மட்டும் நோக்கி நின்றுவிட்டால், பெண்ணைப் பொறுத்தவரை அது அடங்கிப்போதலுக்கு இடப்பட்ட மற்றொரு பெயராகிவிடும். அதிகாரத்தின் முன் நீதியை எடுத்துரைத்தல் என்னும் மறுபாதியை இந்நிலப்பரப்பின் பெண்கள் சிலர் மீட்டிருக்கிறார்கள் என்பதே இங்கு நிறுவப்பட இருப்பது.

முதலில் நூலாதாரம். ஜிஹாத் என்பதற்குக் கடுமுயற்சி என்பது அடிப்படைப் பொருள். ஆயுதப் போரைக் குறிக்கத் திருக்குர்ஆன் ‘கிதால்’ என்னும் வேறு சொல்லையும் ஆள்கிறது. நபிகள் நாயகமும் அவரைப் பின்பற்றியோரும் மக்காவில் துன்புறுத்தப்பட்டு, திருப்பித் தாக்க அனுமதியின்றி இருந்த காலத்தில் அருளப்பட்டதாகக் கருதப்படும் ‘அல்ஃபுர்கான்’ என்னும் 25ஆம் அத்தியாயத்தின் 52ஆம் வசனம், மறுப்போருக்கு இணங்கிவிடாமல் இவ்வேதத்தைக் கொண்டே பெரும் ஜிஹாத் செய்யுமாறு பணிக்கிறது. அக்காலத்தில் அவர்களிடம் படையும் இல்லை, ஆட்சியும் இல்லை; ஆகவே அங்கு ‘பெரும் ஜிஹாத்’ என்று சொல்லப்பட்டது வாய்மொழியாலும் உறுதியாலும் நடத்தப்பட்ட எதிர்ப்பையே குறித்திருக்க வேண்டும். போருக்கான முதல் அனுமதி எனப் பெரும்பாலான விரிவுரையாளர் கருதும் 22ஆம் அத்தியாயத்தின் 39, 40ஆம் வசனங்கள் அதற்குப் பிந்தையவை; அவையும் அநீதி இழைக்கப்பட்டோருக்கும் இல்லங்களிலிருந்து துரத்தப்பட்டோருக்கும் தற்காப்புக்காகத் தரப்பட்ட அனுமதியாக அமைவதோடு, பள்ளிவாசல்களுடன் துறவிமடங்களையும் கிறித்தவ, யூத ஆலயங்களையும் காக்கப்பட வேண்டியவையாக எண்ணுகின்றன.

எனினும் இதைக் கூறிவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. பிற்காலச் சட்ட அறிஞர்கள் தொகுத்த ஃபிக்ஹு நூல்களில், அதாவது வழிபாடு முதல் வணிகம் வரை அனைத்துக்கும் விதி வகுத்த சட்டத் தொகுப்புகளில், ஜிஹாத் என்ற தலைப்பின்கீழ் வருவன பெரும்பாலும் போர் பற்றிய விதிகளே. பேரரசுகளின் காலத்தில் எழுதப்பட்ட நூல்கள் பேரரசுகளின் தேவைகளுக்கு விடை தேடின. அமைதிவழிப் பொருளை வற்புறுத்துவோர் இவ்வரலாற்றை மறைப்பதால் எந்தப் பயனும் விளைவதில்லை. அறிந்து ஒப்புக்கொண்டு, வேதத்தின் முந்தைய அடுக்குக்குத் திரும்புவதே அவர்களுக்கு வலிமை தரும்.

போரின் பெயரால் நடந்தவற்றுக்கு மதுரையே ஒரு களமாக இருந்திருக்கிறது. 1335 அளவில் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா தில்லியிலிருந்து விடுபட்டு நிறுவிய மதுரை சுல்தானகத்தின் அரசர்களுள் ஒருவரான கியாஸுத்தீன் தாமகானியின் காலத்தில், மொராக்கோவைச் சேர்ந்த பயணியும் மாலிகி மரபுச் சட்ட அறிஞருமான இப்னு பதூதா இங்கு வந்து தங்கினார். தாமகானியும் அவரும் அஹ்சன் ஷாவின் மகள்களை மணந்தவர்கள் என்பதால் இருவரும் சகலைமுறையினர். அந்நெருக்கம் இருந்தும், சுல்தான் தன் எதிரிகளான இந்துக்களைப் பிடித்து, ஆண்களோடு பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை இப்னு பதூதா தம் பயண நூலில் ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறார். வேறெந்த அரசனிடமும் தாம் கண்டிராத இழிசெயல் என்று அதை இகழ்ந்து, இதன் காரணமாகவே இறைவன் அவனுக்கு விரைவில் முடிவை அளித்தான் என்றும் கருத்துரைத்திருக்கிறார். போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லுதல் நபிகள் நாயகத்தால் தடுக்கப்பட்டது என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் ஹதீஸ் தொகுப்புகளிலும், அதாவது நபிமொழித் தொகுப்புகளிலும், உள்ள செய்தி. அவ்வகையில் சுல்தானின் செயல், அவன் தனக்கு அணிந்துகொண்ட அறப்போர் என்ற போர்வைக்கே முரணாக நின்றது.

அக்காட்சியில் இன்னொரு பாடமும் அடங்கியுள்ளது. கொலை கண்முன் நடந்தபோது இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்த அவர் அவ்விடத்தில் சுல்தானை எதிர்த்து ஒரு சொல்லும் உரைத்ததாகத் தெரியவில்லை. கொடுங்கோலனின் முன் நீதியின் சொல்லை உரைத்தலே ஜிஹாதில் மிகச் சிறந்தது என்று அபூதாவூத், திர்மிதி, இப்னுமாஜா ஆகியோரின் தொகுப்புகளில் இடம்பெறும் நபிமொழியை அவர் அறியாதவரல்லர். அவ்விடத்தில் அன்று நடந்திருக்க வேண்டிய உண்மையான ஜிஹாத், படை நடத்திய சுல்தானிடம் அல்லாமல், அவனருகே அமர்ந்திருந்த சட்ட அறிஞரின் நாவில் இருந்தது; அது நிகழவில்லை. எழுத்தில் பின்னர் அவர் பதிந்த கண்டனம் அக்கடனில் ஒரு பகுதியையேனும் தீர்த்தது என்று கொள்ளலாம்.

போரின் நினைவு இச்சமவெளியில் மற்றொரு வடிவிலும் வாழ்கிறது. திருப்பரங்குன்றத்து மலைமேல் உள்ள சிக்கந்தர் தர்காவும், இராமநாதபுரக் கடலோரத்தில் உள்ள ஏர்வாடி தர்காவும், போரில் உயிர்நீத்த ‘ஷஹீது’களாக, அதாவது உயிர்த்தியாகிகளாக, மரபு போற்றும் பெரியார்களின் அடக்கத்தலங்கள். அவர்களைப் பற்றிய கதைகள் வாள்பிடித்த வீரத்தைப் பேசினாலும், அங்கு நாள்தோறும் வந்து நிற்பவர்கள் அவ்வீரத்தை வேண்டி வருவதில்லை. பிள்ளைப்பேறு வேண்டியும், மனநோய் தீரவும், குடும்பத் துயர் நீங்கவும் வரும் பெண்களே அவர்களுள் மிகுதி. அவர்களுள் இந்துப் பெண்களும் உண்டு. போராளி ஒருவரின் கல்லறையை ஆறுதலின் இடமாக மாற்றிக்கொண்டது மக்களின், குறிப்பாகப் பெண்களின், நீண்ட காலப் பழக்கம். தர்கா வழிபாட்டை ஏற்காத சீர்திருத்தக் குழுவினர் இதை மார்க்கத்துக்குப் புறம்பானது என்று கண்டிப்பர். அவ்விவாதம் இங்குத் தீர்க்கப்பட வேண்டியதில்லை.

அகப்போராட்டம் என்னும் பொருளுக்கு வருவோம். போரிலிருந்து திரும்பிய நபிகள் நாயகம், சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பியிருக்கிறோம் என்று கூறியதாக வழங்கும் செய்தி மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆனால் ஹதீஸ் ஆய்வாளர் பலர் அதன் அறிவிப்பாளர் தொடரை வலுவற்றது என்று கொண்டுள்ளனர். இடைக்கால மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா அதற்கு அடிப்படையே இல்லை என்றார். வலுவற்ற நபிமொழிகளை ஏற்பதில்லை என்னும் கொள்கையுடைய தவ்ஹீது இயக்கங்கள் தமிழகத்தில் கடந்த சில பத்தாண்டுகளில் பரவிய பின், இச்செய்தியை மட்டும் நம்பி எழுப்பப்படும் வாதம் முஸ்லிம் கேட்போரிடையே எடுபடுவது கடினம். நற்பேறாக, வாதம் அதைச் சார்ந்து நிற்கவில்லை. தன் ‘நஃப்ஸ்’ஸை, அதாவது தீமைக்குத் தூண்டும் தன் மனத்தை, எதிர்த்து முயல்பவரே முஜாஹித், அதாவது ஜிஹாத் செய்பவர், என்னும் நபிமொழியைத் திர்மிதி வலுவானதாகவே பதிவு செய்கிறார். போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம் பெற்றோர் உயிருடன் உள்ளனரா என வினவி, உள்ளனர் என்றதும், அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் ஜிஹாத் செய்யுமாறு திருப்பி அனுப்பிய நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் காணப்படுகிறது.

தமிழில் இவ்வகப்போராட்டத்தைப் பாடியது ‘மெய்ஞ்ஞான’ இலக்கியம் எனப்படும் சூஃபி மரபு. தொண்டிக்கு அருகே பிறந்த குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இம்மரபின் பெரும்பெயர். திருமணத்தைத் தவிர்த்து, துறவு பூண்டு, திருப்பரங்குன்றத்தில் தனித்திருந்து நோற்றவர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆண் ஒருவர் வீட்டைவிட்டு மலைக்குச் செல்வது அவரது அகப்போரின் தொடக்கமாக மதிக்கப்பட்டது. அதே மெய்ஞ்ஞானத்தைப் பாடிய பெண்களோ வீட்டைவிட்டுச் செல்ல இயலாதவர்கள். இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள், தென்காசி ரசூல் பீவி, கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா ஆகியோரின் பெயர்கள் தமிழ் முஸ்லிம் இலக்கிய வரலாறுகளில் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் மஸ்தான் சாகிபுக்குக் கிடைத்த பதிப்புகளிலும் உரைகளிலும் கவனத்திலும் சிறு பங்குகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை. கல்லூரித் தமிழ்ப் பாடத்திட்டங்களில் மஸ்தானைப் படித்து வெளியேறும் மாணவருள் எத்தனை பேர் கச்சிப்பிள்ளை அம்மாளின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பர்? மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவுக்குள் வாழ்ந்து, நஃப்ஸை வெல்லுதலைத் தமிழ்ப் பாட்டாக்கிய பெண்களை இந்நகரின் கல்வி நிறுவனங்கள் ஆய்வுக்குரியவர்களாகக் கருதாமல் விட்டது பெருங்குறை. மார்க்கத்தின் ஆழ்ந்த பொருளைத் தாமே ஓர்ந்து, தம் குரலில் சொல்லும் தகுதி தமக்கு உண்டு என்று அப்பெண்கள் கொண்டிருந்தனர் என்பதே அவர்கள் விட்டுச்சென்ற முதன்மையான செல்வம். நவீனப் பெண்ணியம் பிறந்த பின்பே முஸ்லிம் பெண்கள் மார்க்கத்தைப் பொருள்கொள்ளத் தொடங்கினர் என்னும் எண்ணத்தை அவர்களது இருப்பே மறுக்கிறது.

இனி இவ்விளக்கத்தின் இடர்ப்பாடு. அகப்போராட்டம் அனைவருக்கும் பொதுவான கடமையாகச் சொல்லப்பட்டாலும், நடைமுறையில் அதன் சுமை ஒருபக்கமாகச் சாய்கிறது. கணவன் கைநீட்டினால் மனைவிக்கு ‘ஸபர்’, அதாவது பொறுமை, போதிக்கப்படுகிறது. கணவனுக்கு அவன் சினத்தோடு செய்ய வேண்டிய ஜிஹாத் நினைவூட்டப்படுவதில்லை. வரதட்சணை கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேராசையும் நஃப்ஸின் தூண்டுதலே என்று எடுத்துரைப்போர் சிலர் இருந்தும், பெண்ணைப் பெற்றோரிடம் இறைவன் சோதிக்கிறான் என்று சொல்வோரே பலர். நபிகள் நாயகத்தின் மனைவியான அன்னை ஆயிஷா தமக்கும் ஜிஹாதில் பங்குண்டா என்று வினவியபோது, ஏற்கப்பட்ட ஹஜ்ஜே உங்களுக்குச் சிறந்த ஜிஹாத் என்று நபிகள் நாயகம் விடையளித்த செய்தி, பெண்ணின் இடம் வீடே என்பதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு. ஆனால் அன்றைய ஹஜ் என்பது பாலைவனம் கடந்து செல்லும் நெடும்பயணம். கூட்டத்தோடு கூட்டமாக, பொதுவெளியில், ஆண்களுடன் ஒரே வட்டத்தில் சுற்றி நிறைவேற்றும் வழிபாடு. அதை வீட்டுக்குள் அடைக்கும் கட்டளையாகப் படிப்பது, படிப்பவரின் விருப்பத்தையே காட்டுகிறது.

அன்றியும், கேட்டவர் ஆயிஷா ஒருவர் மட்டும் அல்லர். வேதம் ஆண்களையே விளித்துப் பேசுவதேன் என்று நபிகள் நாயகத்தின் மற்றொரு மனைவியான அன்னை உம்மு ஸலமா கேட்டதன் பின்னணியில், நம்பிக்கை, உண்மை, பொறுமை, ஈகை முதலிய பத்துப் பண்புகளிலும் ஆணையும் பெண்ணையும் இணையாக வைத்து எண்ணும் 33ஆம் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் அருளப்பட்டதாக மரபு கூறுகிறது. அந்தப் பட்டியலில் பொறுமை இருபாலாருக்கும் உரியதாகவே உள்ளது. இன்னும் கூர்மையான சான்று கவ்லா பின்த் தஃலபாவின் வழக்கு. அவருடைய கணவர் அக்கால அரபு வழக்கப்படி, நீ எனக்குத் தாயின் முதுகைப் போன்றவள் என்று கூறி அவரை விலக்கிவிட்டார். ‘ழிஹார்’ எனப்பட்ட இவ்வழக்கம் மனைவியை மணமுறிவும் இன்றி மணவாழ்வும் இன்றி நடுவில் நிறுத்திவிடும். கவ்லா நபிகள் நாயகத்திடம் முறையிட்டார். சாதகமான விடை உடனே கிடைக்காதபோதும் வாதாடுவதை விடவில்லை. அவருடைய வாதத்தை இறைவன் செவியுற்றான் என்னும் அறிவிப்போடுதான் 58ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அவ்வழக்கம் பொய்யும் தகாததும் எனக் கண்டிக்கப்பட்டு, அதைச் செய்யும் ஆணுக்குக் கடுமையான பரிகாரங்கள் விதிக்கப்பட்டன. அந்த அத்தியாயத்தின் பெயரே ‘அல்முஜாதலா’, வாதாடுதல் என்பது. மணவாழ்வின் அநீதியைப் பொறுத்துக்கொள்ளாமல் அதிகாரத்தின் முன் சென்று வாதிட்ட ஒரு பெண்ணின் செயல் வேதத்தில் நிலைபெற்றிருக்கும்போது, வாய்மூடி இருத்தலே பெண்ணின் ஜிஹாத் என்று எவ்வாறு முடிவு கட்ட இயலும்?

இவ்வினாவைத் தமிழ்நாட்டில் செயலாக மாற்றியவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த தாவூத் ஷரீஃபா கானம். ‘ஸ்டெப்ஸ்’ என்னும் பெண்கள் மேம்பாட்டு அமைப்பை நிறுவி, எல்லாச் சமயப் பெண்களின் இன்னல்களையும் கையாண்டுவந்த அவர், முஸ்லிம் பெண்களின் வழக்குகள் ஓர் இடத்தில் வந்து தட்டி நின்றுவிடுவதைக் கண்டார். அந்த இடம் ஊர் ஜமாஅத். தென்மாவட்டங்களின் முஸ்லிம் வாழ்வை அறியாத வாசகருக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு பள்ளிவாசலைச் சார்ந்த குடும்பங்களின் கூட்டமைப்பே ஜமாஅத். குடும்பங்கள் அதற்குச் சந்தா செலுத்துகின்றன, நிக்காஹ், அதாவது திருமணம், அதன் பதிவேட்டில் எழுதப்படுகிறது, வெளியூரில் பெண்ணெடுக்க அதன் கடிதம் வேண்டும், இறந்தோரை அடக்கும் மையவாடியும் அதன் பொறுப்பில் உள்ளது. கணவன் மனைவி பிணக்கும், கணவன் கூறும் மணவிலக்கான தலாக்கும் அங்கேயே பேசித் தீர்க்கப்படுகின்றன. தீர்ப்பளிப்போர் அனைவரும் ஆண்கள். வழக்குக்கு உரியவளான பெண் பல ஊர்களில் அவ்வவைக்குள் நுழையவே இயலாமல், தந்தையோ தமையனோ தன் சார்பில் பேசுவதை வெளியிலிருந்து அறிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாள். தன் வாழ்வைப் பற்றிய தீர்ப்பில் தன் சொல் பதிவாகாத ஒருத்திக்குப் பொறுமையை மட்டும் அறிவுறுத்துவது எவ்வகையிலும் அறமாகாது.

இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஷரீஃபாவும் அவருடன் நின்ற பெண்களும் உருவாக்கிய தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் இச்சூழலின் நேரடி விளைவு. பெண்களே கூடி, பெண்ணின் முறையீட்டை அவள் வாயாலேயே கேட்டு, எதிர்த்தரப்பையும் அழைத்து விசாரித்து, தேவைப்பட்டால் ஊர் ஜமாஅத்துக்கும் காவல் நிலையத்துக்கும் உடன் சென்று வாதிடும் முறை அதனால் நிறுவப்பட்டது. திருக்குர்ஆனின் வசனங்களை எடுத்துக்காட்டியே அவர்கள் வாதிட்டனர். நாட்டின் சட்டத்தையும் அரசியலமைப்பையும் உடன் துணைகொண்டனர். அவர்களது பணியை இயக்குநர் தீபா தன்ராஜ் 2011இல் ஆவணப்படமாக்கியபோது அது இந்தியாவுக்கு வெளியேயும் அறியப்பட்டது. பெண்கள் தாமே நிருவகித்து, தொழுது, கூடிப் பேசும் பள்ளிவாசல் ஒன்றைப் புதுக்கோட்டைப் பகுதியில் எழுப்ப அவர்கள் மேற்கொண்ட முயற்சியே பெருத்த எதிர்ப்பைக் கிளப்பியது. அவ்வெதிர்ப்பின் காரணம் தொழுகை பற்றிய சட்ட நுணுக்கத்தில் மட்டும் இல்லை; பள்ளிவாசல் யாருடைய கையில் உள்ளதோ அவர்கள் கையிலேயே ஜமாஅத்தின் தீர்ப்பும் உள்ளது என்பதை இருதரப்பும் நன்கு உணர்ந்திருந்தன.

இச்செயலை ஜிஹாத் என்று அழைக்கலாமா? அமெரிக்க முஸ்லிம் அறிஞர் ஆமினா வதூத் அவ்வாறே அழைக்கிறார். ‘குர்ஆனும் பெண்ணும்’ என்னும் ஆய்வை 1992இல் வெளியிட்ட அவர், 1994இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் கிளேர்மான்ட் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தினர் முன் உரையாற்றினார். நிறவெறியை எதிர்த்துப் போராடிய தென்னாப்பிரிக்க முஸ்லிம்களிடையே வழங்கிய ‘பாலின ஜிஹாத்’ என்னும் தொடர் 2006இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பிலேயே இடம்பெற்றது. முஸ்லிம் சமூகத்துக்குள் பெண்ணுக்கு நீதி கோரி நடத்தப்படும் இடையறாத முயற்சியை அவர் அத்தொடரால் குறித்தார். புதுக்கோட்டைப் பெண்களின் செயலும், கொடுங்கோலன் முன் நீதியின் சொல்லை உரைத்தல் பற்றிய நபிமொழியின் இலக்கணத்துக்கு முழுதும் பொருந்துகிறது: கையில் ஆயுதம் இல்லை, எதிரில் அதிகாரம் உள்ளது, நடுவில் நீதியின் சொல் உள்ளது. அதைவிட மேலாக, தம் உள்ளத்தின் அச்சத்தை வென்ற பின்னரே ஒரு பெண் தன் ஊர்ப் பெரியவர்கள் முன் நின்று பேச இயலும் என்பதால், அகப்போரும் புறப்போரும் இங்கு ஒன்றாகின்றன.

ஆயினும் முஸ்லிம் பெண் ஒருத்தியின் ஒவ்வொரு போராட்டத்துக்கும் இப்பெயரைச் சூட்டுவது முறையாகாது. மதுரை திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மா, பருவமெய்தியதும் பள்ளிக்கல்வி நிறுத்தப்பட்டு, திருமணத்துக்குப் பின்னும் மறைவாக எழுதி, புனைபெயரில் வெளியிட்டவர். 2001இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானவர். 2004இல் வெளிவந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்னும் நாவலில் முஸ்லிம் பெண்களின் வீட்டு உலகை உள்ளிருந்து விரித்துக் காட்டியவர். அவரது எழுத்து மார்க்க வாதமாக எழுதப்பட்டதன்று. இலக்கியமாக, உடலும் மனமும் கொண்ட ஒரு பெண்ணின் குரலாக எழுதப்பட்டது. அதை ஜிஹாத் என்று போற்றுவோர், அவர் மறுத்த சட்டகத்துக்குள்ளேயே அவரை மீண்டும் அமர்த்துகின்றனர். மார்க்கத்தின் மொழியில் நீதி கேட்பதும், அம்மொழிக்கு வெளியே நின்று கேட்பதும் ஆகிய இரண்டும் முஸ்லிம் பெண்களின் உரிமையே.

சட்டத்தின் வழி நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். காஜிகள் அளிக்கும் தலாக் சான்றிதழ்களை எதிர்த்து, திருவல்லிக்கேணி முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான பதர் சயீத் தொடுத்த வழக்கில், அச்சான்றிதழ்கள் கருத்துரை மட்டுமே, சட்ட வலுவுடையன அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், ஒரே நேரத்தில் மும்முறை தலாக் கூறி விலக்கும் உடனடி முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2019இல் அதைக் கூறுவது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. மனைவி மறுக்கும் தலாக் செல்லுமா என்பதைக் கணவன் தானே தீர்மானித்துக்கொள்ள இயலாது, நீதிமன்றமே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் தெளிவுபடுத்தியது.

இச்சட்ட மாற்றங்களை வரவேற்ற பெண்களிலேயே பலர் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறித்து ஐயம் கொண்டனர். கணவன் சிறைக்குச் சென்றால் ஜீவனாம்சம் தருவது யார் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. காதல் திருமணங்களைக்கூட ‘ஜிஹாத்’ என்று பழிக்கும் அரசியல் ஒருபுறம் முஸ்லிம் ஆண்களைக் குற்றவாளிகளாகச் சித்திரிக்கும்போது, தம் வீட்டு அநீதியை வெளியே சொன்னால் அது சமூகத்தின்மீது வீசப்படும் கல்லாகிவிடுமோ என்ற தயக்கம் பெண்களைப் பற்றுகிறது. அத்தயக்கத்தையே காட்டி அவர்களது வாயை அடைக்கும் பெரியவர்களும் உள்ளனர். இரண்டு அதிகாரங்களுக்கு நடுவே நின்று, ஒன்றின் கைக்கருவியாகாமல் மற்றொன்றிடம் நீதி கேட்பது மிகக் கடினமான நிலை. திருக்குர்ஆனின் 31ஆம் அத்தியாயம், பெற்றோர் ஒருவரை இறைவனுக்கு இணைவைக்குமாறு வற்புறுத்தினால் அதில் அவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டாம், ஆனால் உலக வாழ்வில் அவர்களோடு நல்லுறவுடன் இருக்க வேண்டும் என்று கூறுகிறது. அப்பெற்றோரின் வற்புறுத்தலைக் குறிக்கவும் அவ்வசனம் ஜிஹாத் என்பதன் வினைவடிவையே ஆள்கிறது என்பதும், அதற்கு விடையாக அது கேட்பது உறவை முறிக்காத மறுப்பு என்பதும் இப்பெண்களின் நிலைக்கு நெருக்கமானவை. தம் சமூகத்தைத் துறக்காமலும் அதன் அநீதிக்குப் பணியாமலும் நிற்கும் வழிக்கு வேதத்திலேயே முன்மாதிரி உள்ளது.

மதுரையின் ஜமாஅத்துகளும் சுற்றூர் ஜமாஅத்துகளும் இவ்விடத்தில் செய்ய வேண்டியது பெரிதன்று. கணவன் மனைவி பிணக்கில் இரு குடும்பத்தாரிடமிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துமாறு 4ஆம் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் ஏற்கெனவே பணித்துள்ளது. அவ்விசாரணையில் பெண் தானே வந்து பேசவும், அவள் கூறியது எழுத்தில் பதியப்படவும், விசாரிப்போருள் பெண்களும் அமரவும் வழி செய்ய எந்தப் புதிய மார்க்கத் தீர்ப்பும் தேவையில்லை. மார்க்க அறிஞர்களான ஆலிம்களும் பள்ளிவாசல் நிருவாகிகளான முத்தவல்லிகளும் வரும் ரமலானுக்குள்ளேனும் இதைத் தம் பள்ளிவாசல் கூட்டங்களில் எடுத்துப் பேசுவார்களாக.